'கேட்ஸ்ஐ' குழுவில் பொட்டு வைத்த பொண்ணு: யார் இந்த லாரா ராஜ்? கே-பாப் மேடைக்கு வந்தது எப்படி?

"அக்கா, இந்தக் குரூப்புல பொட்டு வெச்சுட்டு ஒருத்தங்க ஆடறாங்களே, அவங்க நெசமாலுமே தமிழா?"

எடப்பாடியில் பிளஸ் ஒன் படிக்கும் பெரியம்மா பொண்ணு ஒரு ரீல்ஸை அனுப்பி இப்படிக் கேட்டிருந்தாள். வீட்டில் விசைத்தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கொரியன் பாட்டு கேட்கிற தலைமுறை அது. கேள்வி அவளுடையது மட்டும் இல்லை. கடந்த சில மாதங்களாக கூகுளிலும் இன்ஸ்டாகிராம் கமெண்ட்டிலும் பலர் கேட்பது இதைத்தான். லாரா ராஜ் யார்? அவர் தமிழரா? அவர் பாடுவது கே-பாப்தானா?

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆமாம், தமிழ்க் குடும்பத்துப் பொண்ணுதான். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த லாரா?

முழுப் பெயர் லாரா ராஜகோபாலன். மேடைக்காகச் சுருக்கி லாரா ராஜ். 2005 நவம்பர் 3ஆம் தேதி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். தமிழ் வம்சாவளிக் குடும்பம். பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாமே அமெரிக்காதான்.

வீட்டில் பாட்டு புதுசு கிடையாது. அவருடைய அக்கா ரியா ராஜும் பாடகி. எந்தக் குழுவிலும் சேராமல் தனியாகப் பாப் பாடல்கள் எழுதி வெளியிட்டு வருகிறார். லாராவைத் தேடி வருகிற ரசிகர்கள் பலர் அப்படியே அக்காவின் பாட்டுக்கும் போய்விடுகிறார்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்து கிளம்பினாலும் போன பாதை வேறு வேறு. அக்கா போனது தனி வழி. தங்கை போனது ஒரு பெரிய நிறுவனம் போட்ட தண்டவாளத்தில். இந்தக் கட்டுரை அந்தத் தண்டவாளத்தைப் பற்றியும்தான்.

பூனைக்கண் கல்: 1,20,000 பேரில் 6 பேர்

லாரா இருக்கும் குழுவின் பெயர் கேட்ஸ்ஐ. பூனைக்கண் கல் என்று அர்த்தம். நவரத்தினத்தில் ஒன்றாக, கேதுவுக்கு உரிய கல் என்று நகைக்கடையில் எடுத்துக் காட்டுவார்களே, அந்த வைடூரியம்தான். திருப்பும்போது ஒளி நகரும் கல் என்பதால் பல நிறம், பல நாடு என்ற பொருளில் அந்தப் பெயரை வைத்தார்கள்.

குழுவை உருவாக்கியவை இரண்டு நிறுவனங்கள். ஒன்று, பி.டி.எஸ். குழுவை உருவாக்கிய தென்கொரியாவின் ஹைப். 2005இல் பாங் சி ஹ்யுக் என்ற இசைத் தயாரிப்பாளர் பிக் ஹிட் என்ற பெயரில் தொடங்கியது இது. 2020இல் பங்குச் சந்தைக்கு வந்து, 2021இல் ஹைப் என்று பெயர் மாறியது. இன்னொன்று, அமெரிக்காவின் கெஃபன் ரெக்கார்ட்ஸ். யுனிவர்சல் குழுமத்தைச் சேர்ந்த பழைய கம்பெனி. கொரியாவில் பாடகிகளைத் தயார் செய்கிற முறையை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அமெரிக்காவில் ஒரு குழு உருவாக்கினால் என்ன? இதுதான் அவர்கள் யோசித்தது.

உலகம் முழுவதும் இருந்து வந்த விண்ணப்பங்கள் 1,20,000க்கும் மேல். அதில் இருந்து வடிகட்டி, லாஸ் ஏஞ்சலிஸில் வைத்துப் பயிற்சி கொடுத்து, கடைசியில் 20 பேரை மட்டும் வெளியே காட்டினார்கள். 2023 செப்டம்பரில் 'தி டெபியூ: ட்ரீம் அகாடமி' என்ற பெயரில் யூடியூபில் போட்டி தொடங்கியது. சுற்றுக்குச் சுற்று ஆள் குறைந்தது. 2023 நவம்பர் 17ஆம் தேதி இறுதிச் சுற்று. 6 பேரின் பெயர்களை அறிவித்தார்கள்.

பிலிப்பைன்ஸைச் சேர்ந்த சோபியா, சுவிட்சர்லாந்தில் இருந்து வந்த மனோன், அட்லாண்டாவில் வளர்ந்த கியூபா - வெனிசுலா வம்சாவளி டேனியலா, ஹவாய்த் தீவின் மேகன், சியோலைச் சேர்ந்த யூன்சே, அப்புறம் லாரா. அன்றைக்கு யூன்சேவுக்கு வயது 15. லாராவுக்கு 18 முடிந்து சரியாக இரண்டு வாரம்.

கதவுக்குப் பின்னால் நடந்தது என்ன?

இதை ஓரளவுக்குத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. நாடியா ஹால்கிரன் இயக்கிய 'பாப் ஸ்டார் அகாடமி: கேட்ஸ்ஐ' என்ற 8 பாக ஆவணத் தொடர் 2024 ஆகஸ்ட்டில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. நிறுவனத்தின் ஒத்துழைப்போடு எடுக்கப்பட்டதுதான். அப்படி இருந்தும் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு கனத்துப் போகிற இடங்கள் அதில் உண்டு.

பயிற்சிக்கு வந்த பெண்கள் பலருக்கு, இது மக்கள் ஓட்டுப் போட்டு ஆளை வெளியேற்றுகிற போட்டியாக மாறப் போகிறது என்று முதலில் தெரியாது. மாதக்கணக்கில் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக ஆடி, தோழிகளாகிவிட்ட பிறகுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் அந்த முகங்கள் மாறுவதை கேமரா பிடித்திருக்கிறது. நாளெல்லாம் நடனம், பாட்டு, உடற்பயிற்சி. மாதம்தோறும் தேர்வு. மதிப்பெண் பட்டியலில் யார் மேலே, யார் கீழே என்று எல்லோருக்கும் முன்னால் தெரிந்துவிடும். பயிற்சிக்குச் சரியாக வராதவர் மேல் மற்றவர்களுக்கு வருகிற கோபம், அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருக்கிற பயம், எல்லாமே அதில் இருக்கிறது.

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புரியாத விஷயம் இல்லை. நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் பிளஸ் டூ படித்த யாரிடம் கேட்டாலும் காலைத் தேர்வு, மாலைத் தேர்வு, ரேங்க் பட்டியல் என்று கதை கதையாகச் சொல்வார்கள். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே தோற்றால் துணைத்தேர்வு கிடையாது.

இது கே-பாப்தானா?

சண்டை நடக்கிற இடம் இது. கேட்ஸ்ஐ இருப்பது லாஸ் ஏஞ்சலிஸில். பாட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில். 6 பேரில் கொரியர் ஒருவர்தான். நிறுவனமே அவர்களைச் சொல்வது 'உலகப் பெண்கள் குழு' என்றுதான். 'அப்புறம் எப்படி இது கே-பாப்?' என்று கேட்கிறவர்களிடம் நியாயம் இருக்கிறது.

இன்னொரு பக்கம், தயாரிப்பு முறை முழுக்கக் கொரியாவுடையது. பயிற்சிக்கால முறை, ஆறு பேரும் ஒரு அச்சில் வார்த்த மாதிரி ஆடும் நடனம், ரசிகர்களோடு பேச ஹைப்பின் வீவர்ஸ் செயலி, பாட்டு வெளியானதும் சியோலுக்குப் பறந்து அங்கே உள்ள டிவி இசை நிகழ்ச்சிகளில் ஆடுவது, எல்லாம் கே-பாப் வழக்கம்தான். பி.டி.எஸ். உள்ளிட்ட குழுக்களுக்கு நடனம் வடிவமைத்த சோன் சங் துக்தான் ட்ரீம் அகாடமியிலும் நடனத்துக்குப் பொறுப்பு. எங்கள் டெஸ்க்கில் இதைப் பேசி முடித்த விதம் இது: பாட்டு அமெரிக்கப் பாப், பட்டறை கொரியாவுடையது. தறி கொரியாவில் செய்தது, நூல் ஆறு ஊரில் இருந்து வந்தது என்று எடப்பாடிக்காரர்களுக்குச் சொல்லலாம்.

அந்தப் பட்டறை எப்படி வேலை செய்கிறது?

லாராவைப் புரிந்துகொள்ள இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

1990களில் எஸ்.எம். என்டர்டெயின்மென்ட்டின் லீ சூ மான் போன்றவர்கள் கொரியாவில் இதை ஒரு முறையாக ஆக்கினார்கள். பத்து, பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது. அவர்களுக்குப் பெயர் பயிற்சி மாணவர்கள். பாட்டு, நடனம், மொழி, கேமரா முன்னால் நிற்கும் விதம் வரை சொல்லிக்கொடுப்பது. சிலர் ஒரு வருடத்தில் மேடை ஏறுவார்கள், சிலர் ஏழெட்டு வருடம் காத்திருப்பார்கள். பெரும்பாலானவர்கள் மேடையே ஏறாமல் வீட்டுக்குத் திரும்புவார்கள்.

சம்பளம்? இங்கேதான் கவனிக்க வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, வகுப்பு, துணிமணி, வீடியோ எல்லாவற்றுக்கும் நிறுவனம் முதலில் செலவு செய்யும். குழு அறிமுகமான பிறகு வரும் வருமானத்தில் அந்த முதலீட்டைக் கழித்துக்கொண்ட பிறகுதான் பாடகர்களுக்குப் பங்கு என்பது பல நிறுவனங்களில் இருந்து வந்த வழக்கம். முன்பணம் வாங்கித் தறி ஓட்டுகிறவர் வீட்டில் பிறந்த யாருக்கும் இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்கள் சில, பயிற்சிக்காலச் செலவைக் கடனாக எழுதுவதில்லை என்று பின்னாளில் மாறின.

ஒப்பந்தக் காலமும் முன்பெல்லாம் மிக நீளம். 2009இல் டி.வி.எக்ஸ்.க்யூ. குழுவின் மூன்று பாடகர்கள் 13 வருட ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அந்த ஆண்டே தென்கொரியாவின் நியாய வணிக ஆணையம் மாதிரி ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் உச்சவரம்பு 7 வருடம். கே-பாப் குழுக்கள் ஏழாவது வருடத்தில் பிரிகிறார்கள் என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அதற்குப் பின்னணி இதுதான். 'ஏழாம் ஆண்டு சாபம்' என்று ரசிகர்கள் சொல்வது சாபம் ஒன்றும் இல்லை, ஒப்பந்தம் முடிகிறது, அவ்வளவுதான்.

'டெபியூ'வில் இருந்து கிராமி வரை

முதல் பாடல் 'டெபியூ' 2024 ஜூன் 28இல் வந்தது. பெரிய அலை எதுவும் இல்லை. அடுத்த மாதம் வந்த 'டச்' பாட்டின் நடனம் டிக்டாக்கில் பற்றிக்கொண்டது. ஆகஸ்ட்டில் 'சிஸ்' என்ற முதல் இ.பி. ஆல்பம் வெளியானது.

2025தான் அவர்களுடைய வருடம். ஏப்ரல் 30இல் வந்த 'நார்லி' பாட்டைக் கேட்ட முதல் நாள் ரசிகர்களே திட்டினார்கள். 'என்ன பாட்டு இது, தகரத்தைத் தட்டுற மாதிரி' என்கிற ரகத்தில் கமெண்ட். ஆனால் டிவி நிகழ்ச்சிகளில் அதை அவர்கள் நேரடியாக ஆடிக்காட்டியதும் கதை மாறியது. திட்டினவர்களே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் கேட்ஸ்ஐ முதல்முறையாக நுழைந்தது இந்தப் பாட்டால்தான். எனக்கும் முதலில் பிடிக்கவில்லை, இப்போது பஸ்ஸில் போகும்போது அதுதான் ஓடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜூனில் 'கேப்ரியேலா'. அதே மாதம் 'பியூட்டிஃபுல் கேயாஸ்' ஆல்பம், பில்போர்டு 200 பட்டியலில் 4ஆம் இடம். ஆகஸ்ட்டில் சிகாகோ லொல்லபலூசா இசைத் திருவிழா. அதே ஆகஸ்ட்டில் கேப் நிறுவனத்தின் ஜீன்ஸ் விளம்பரம். கெலிஸ் பாடிய பழைய 'மில்க்ஷேக்' பாட்டுக்கு ஆறு பேரும் ஆடிய அந்த வீடியோ கோடிக்கணக்கான பார்வைகளைத் தாண்டியது. பாட்டே கேட்காதவர்களுக்கும் லாராவின் முகம் தெரிந்தது அதில்தான். செப்டம்பரில் எம்.டி.வி. வி.எம்.ஏ. விருது. நவம்பரில் கிராமியின் சிறந்த புதுமுகம், சிறந்த பாப் குழுப் பாடல் என இரண்டு பிரிவுகளில் பரிந்துரை.

2026 பிப்ரவரியில் நடந்த விழாவில் மேடையில் ஆடினார்கள். விருது கிடைக்கவில்லை. சிறந்த புதுமுகம் விருது இங்கிலாந்துப் பாடகி ஒலிவியா டீனுக்குப் போனது.

'கிராமி மேடையில் முதல் தமிழர்' - உண்மையா?

இல்லை. வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு கார்டு சுற்றினால் நம்ப வேண்டாம். ஏ.ஆர்.ரஹ்மான் 2010இலேயே 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக இரண்டு கிராமி வாங்கிவிட்டார். அதற்கும் முந்தைய வருடம், 2009இல், ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலுக்காகப் பரிந்துரை பெற்று, நிறைமாத வயிற்றோடு கிராமி மேடையில் ஆடினார். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சின்ன வயதைக் கழித்து, அகதியாக மறுபடி லண்டன் போனவர் அவர். வேடிக்கை என்னவென்றால் கேட்ஸ்ஐ ஆல்பத்திலும் 'எம்.ஐ.ஏ.' என்று ஒரு பாட்டு உண்டு. தலைப்பைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி.

வெளிநாட்டில் யார் ஜெயித்தாலும் 'தமிழ் வம்சாவளி' என்று தலைப்புப் போடுவது எங்கள் வேலையில் கைவந்த கலை. லாரா விஷயத்தில் அந்தத் தலைப்பு பொய் இல்லை. ஆனால் 'முதல்' என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் யோசித்துப் போட வேண்டும். உலகளவில் ஹிட்டான, கொரியப் பட்டறையில் உருவான பெண்கள் குழு ஒன்றில் தமிழ்ப் பின்னணி கொண்டவர் என்பதே போதுமான செய்திதான்.

அந்தப் பொட்டு

லாரா பொட்டோடுதான் பல மேடைகளில் நிற்கிறார். பாட்டு வீடியோ, விளம்பரப் படப்பிடிப்பு, விருது விழா என்று பொட்டும் இந்திய நகைகளும் அவருடைய அடையாளம் ஆகிவிட்டன. தன் வேர்களை மறைக்காமல் காட்ட வேண்டும் என்பதைப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார்.

நமக்கு இது சாதாரணம். கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கும் ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து நெற்றியில் வைப்பதில் என்ன இருக்கிறது? ஆனால் அமெரிக்காவில் அதற்கு வேறு ஒரு கதை உண்டு. 1980களின் கடைசியில் நியூஜெர்சி மாநிலத்தில் 'டாட் பஸ்டர்ஸ்' என்று தங்களைச் சொல்லிக்கொண்ட கும்பல் இந்தியர்களைத் தேடித் தேடி அடித்தது. டாட் என்று அவர்கள் சொன்னது பொட்டைத்தான். 1987இல் ஜெர்சி சிட்டி பகுதியில் தாக்குதல்கள் நடந்து உயிரும் போனது. அந்த ஊர்களில் பொட்டை அழித்துவிட்டு வெளியே கிளம்பிய அம்மாக்கள் இருந்தார்கள். அடுத்த பத்து வருடத்தில் மடோனா, க்வென் ஸ்டெஃபானி என்று வெள்ளைக்காரப் பாடகிகள் பொட்டு வைத்ததும் அதே சாமான் ஃபேஷன் ஆனது. வைத்தால் அடி, அவர்கள் வைத்தால் ஸ்டைல். அதனால்தான் ராஜகோபாலன் வீட்டுப் பொண்ணு பொட்டோடு ஜீன்ஸ் விளம்பரத்தில் ஆடுவதைப் பார்த்து அங்கே வளர்ந்த இந்தியப் பெண்கள் கண் கலங்கி வீடியோ போடுகிறார்கள்.

அழகு சாதன உலகம் வெள்ளைத் தோலையே தூக்கிப் பிடிக்கும் கொரியாவில், மாநிறப் பெண் ஒருவரைக் குழுவின் நடுவில் நிறுத்துவதும் சின்ன விஷயம் இல்லை. சிவப்பழகு கிரீம் விற்கிற நம்ம ஊரிலும்தான்.

மிரட்டலும் பொய்ப் புகாரும்

புகழோடு சேர்ந்தே வந்தது வெறுப்பு. கேட்ஸ்ஐ உறுப்பினர்களுக்குச் சமூக ஊடகங்களில் ஆயிரக்கணக்கில் கொலை மிரட்டல்கள் வந்ததை 2025 அக்டோபரில் பி.பி.சி. பேட்டியில் அவர்கள் பேசினார்கள். குடும்பத்தையும் குறிவைத்து வந்த மிரட்டல்கள். எதுவும் நடக்காது என்று தெரிந்தாலும் அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் அனுப்பும்போது மனசு ஆடிப்போகிறது என்பதுதான் லாரா சொன்னதன் சாரம்.

அதைவிட ஒரு படி மேலே போய், லாரா அமெரிக்காவில் சட்டவிரோதமாக வேலை செய்கிறார் என்று குடியேற்ற அமலாக்கத் துறையான ஐஸ் அமைப்புக்கு யாரோ பொய்ப் புகார் கொடுத்தார்கள். அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவர் மேல் இப்படி ஒரு புகார். நிறமும் பெயரும் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். எக்ஸ் தளக் கணக்கை அவர் மூடிவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் வீவர்ஸில் ரசிகர்களோடு பேசும்போது, தான் தன்பாலின ஈர்ப்பும் கொண்டவர் என்பதை லாரா தானாகவே வெளிப்படுத்தினார். சின்ன வயதிலேயே தனக்குத் தெரியும் என்றார். காதலிப்பதையே மறைத்து வைக்கச் சொல்லும் கே-பாப் உலகத்தில் இது அபூர்வம். சில மாதம் கழித்து அதே குழுவின் மேகனும் தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார். அறிவிக்கும்போது பக்கத்தில் அமர்ந்திருந்தவர் லாராதான்.

இந்தியாவில் இருந்தே போனவர்கள் யார்?

லாரா அமெரிக்காவில் பிறந்தவர். அப்படி இல்லாமல் இங்கே இருந்தே கொரியா போனவர் வேண்டுமென்றால், ஒடிசாவின் ஸ்ரேயா லெங்காவைப் பார்க்க வேண்டும். 2003இல் பிறந்து, இரும்பாலை ஊரான ரூர்கேலாவில் வளர்ந்தவர். ஒடிசி நடனம் கற்றவர். 2021இல் பிளாக்ஸ்வான் என்ற கொரியக் குழுவில் ஒரு இடம் காலியானபோது உலகம் முழுக்க ஆன்லைன் ஆடிஷன் நடந்தது. சுமார் 4,000 பேரில் 23 பேர், அதில் இருந்து 2 பேர். ஒருவர் பிரேசிலின் கேப்ரியேலா, இன்னொருவர் ஸ்ரேயா. சியோலுக்குப் போய்ப் பல மாதம் பயிற்சி. 2022 மே மாதம் இரண்டு பேருமே குழுவில் சேர்க்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. மேடைப்பெயர் ஸ்ரியா. இந்தியாவின் முதல் கே-பாப் பாடகி என்று செய்திகள் கொண்டாடின.

2023 ஜனவரியில் கட்டாக்கில் ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பை தொடக்க விழாவில் அதே பிளாக்ஸ்வான் ஆடியது. சொந்த மாநிலத்தில், சொந்த மக்கள் முன்னால். அதே ஆண்டு மே மாதம் 'கர்மா' பாட்டு வந்தது. அதற்குள் குழுவில் இருந்த கொரியப் பெண்கள் ஒவ்வொருவராக விலகி, கொரியரே இல்லாத கே-பாப் குழுவாக அது மாறியிருந்தது.

கேரளாவைச் சேர்ந்த ஆரியாவும் இருக்கிறார். இயற்பெயர் கௌதமி. 2023 ஏப்ரலில் எக்ஸ்:இன் குழுவில் அறிமுகமானார். 2019இல் அஸ்ஸாமின் ப்ரியங்கா மஜும்தார் இசட்-கேர்ள்ஸ் குழுவில் இருந்தார். ஆனால் அந்தக் குழு கே-பாப் கணக்கில் சேருமா என்ற விவாதம் அப்போதே உண்டு. மொத்தத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஈரோடு ஸ்டேஷனில் தொடங்கிய பயணம்

இனி நம்ம பக்கம் வருவோம். 2024 ஜனவரி. கரூர் மாவட்டக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவிகள் 3 பேர், வயது 13, வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பினார்கள். கையில் 14,000 ரூபாய். ஈரோட்டில் ரயில் ஏறி சென்னை, அங்கிருந்து விசாகப்பட்டினம், அங்கிருந்து கப்பலில் கொரியா, போய் பி.டி.எஸ்.ஸைப் பார்ப்பது. இதுதான் திட்டம். சென்னை வரை போய், ஓட்டலில் ஒரு இரவு தங்கி, அதற்கு மேல் முடியாது என்று தோன்றித் திரும்பும் வழியில் காட்பாடி ரயில் நிலையத்தில் போலீஸார் கண்டுபிடித்தார்கள். வேலூரில் மனநல ஆலோசனை கொடுத்து வீட்டாரிடம் சேர்த்தார்கள்.

எடப்பாடிக்காரர்களும் ரயில் பிடிக்கப் போகிற அதே ஈரோடு ஸ்டேஷன். அந்தச் செய்தி வந்தபோது சிரித்தவர்கள் நிறைய. மீம்கள் பறந்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களிடம் தவறான தகவல் இருந்தது, சரியானதைச் சொல்ல யாரும் இல்லை. விசாகப்பட்டினத்தில் இருந்து கொரியாவுக்குப் பயணிகள் கப்பல் கிடையாது. அதைவிட, அந்த ஜனவரியில் பி.டி.எஸ். உறுப்பினர்கள் 7 பேருமே கட்டாய ராணுவ சேவையில் இருந்தார்கள். கடைசி 4 பேர் சேர்ந்தது அதற்கு முந்தைய மாதம்தான். அந்தப் பிள்ளைகள் எப்படியோ கொரியாவுக்கே போய்ச் சேர்ந்திருந்தாலும் பார்க்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆசை இருக்கு, என்ன செய்யலாம்?

ஸ்ரேயா லெங்கா ஆடிஷன் கொடுத்தது வீட்டில் இருந்தே, வீடியோ அனுப்பி. பெரிய கொரிய நிறுவனங்கள் எல்லாமே தங்கள் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஆன்லைன் ஆடிஷன் நடத்துகின்றன. கட்டணம் கிடையாது. இதைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள். 'கொரியா சான்ஸ் வாங்கித் தர்றோம், பதிவுக் கட்டணம் கட்டுங்க' என்று யாராவது இன்ஸ்டாகிராமில் மெசேஜ் அனுப்பினால் அது மோசடி. 18 வயது ஆகாதவர் எந்த ஒப்பந்தத்திலும் தனியாகக் கையெழுத்துப் போட முடியாது, பெற்றோர் வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் கே-பாப் பாடகி ஆகிற வழி சட்டப்படியே இல்லை.

மொழி கற்க சென்னையில் இன்கோ மையம் 2006இல் இருந்து இயங்குகிறது. அங்கே கொரிய மொழி வகுப்புகள் உண்டு. டெல்லியில் உள்ள கொரியக் கலாச்சார மையம் அகில இந்திய கே-பாப் போட்டியை நடத்துகிறது. ஹைப் நிறுவனமும் 2025இல் மும்பையில் தன் இந்தியக் கிளையைத் திறந்துவிட்டது. அதாவது லாராவைத் தேர்ந்தெடுத்த அதே பட்டறை இப்போது இங்கேயே கடை போட்டிருக்கிறது.

போவதற்கு முன்னால் வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. பயிற்சிக்காலத்தில் படிப்பு என்ன ஆகும்? பாதியில் அனுப்பிவிட்டால் திரும்பி வந்து எங்கே சேர்வது? வருமானப் பங்கு எப்போது தொடங்கும்? ஒப்பந்தம் எத்தனை வருடம், யாருடைய மொழியில்? 1,20,000 பேரில் 6 பேர் என்றால் 20,000க்கு ஒருவர். அந்த ஒருவரைப் பற்றித்தான் நாம் கட்டுரை எழுதுகிறோம்.

இதையெல்லாம் எழுதி முடித்து, பெரியம்மா பொண்ணுக்கு லிங்க் அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்து ப்ளூ டிக் வந்தது. அப்புறம் பதில்.

"படிச்சேன்க்கா. ஹாஸ்டல் கதை கரெக்ட்டு. அவங்க அக்கா பாட்டு ஒண்ணு அனுப்பிவிடு, கேக்கறேன்."